முப்பத்தோராவது கிணறும் பதினேழாவது கிணறும்

ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் இடையே, பாலாற்றின் இரு கரைகளிலும் உள்ள 46 விவசாயக் கிணறுகளில் தண்ணீரின் மின்கடத்துத்திறனை (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) அளந்து, ஆற்றிலிருந்து தள்ளிப்போகப் போக அது எவ்வாறு குறைகிறது என்று கணக்கிடுவது என் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். தொழிற்சாலையில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரோடு வெளியேறும். தோல் பதனிடும் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதி செய்தது. அப்படிப்பட்ட ஒரு பகுதியைப் பற்றி எழுதும்போது எண்ணில் பிழை இருக்கக் கூடாது என்ற கவலை எனக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், தொலைவுக்கும் மின்கடத்துத்திறனுக்கும் உள்ள உறவைக் காட்டும் தொடர்புப்போக்குக் கோட்டைப் பொருத்துவதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். வந்த முடிவுச் சுருக்கமும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் என் வழிகாட்டிப் பேராசிரியர் சுருக்கத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டு, "முதல்ல எச்சங்களை வரைஞ்சு கொண்டாங்க" என்றார். அளந்த மதிப்புக்கும் கோடு சொல்லும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசமே எச்சம். புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளை அவர் வகுப்பில் ஏற்கெனவே காட்டியிருந்தார். இரு அளவுகள் எவ்வளவு நெருங்கிச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு நான்கிலும் ஏறத்தாழ 0.816, நான்கிலும் ஒரே நேர்கோடு, வரைந்து பார்த்தால் நான்கும் நான்கு விதம். அத்தொகுதிகள் ஆர் மென்பொருளோடு சேர்ந்தே வருவதால் யாரும் உடனே வரைந்து பார்க்கலாம்.

பொருத்திய மாதிரியை 'பிளாட்' கட்டளைக்குக் கொடுத்தால் நான்கு படங்கள் வரும். நான்கையும் ஒரே பக்கத்தில் பார்க்கத் திரையை இரண்டுக்கு இரண்டாகப் பிரித்தபோது, ஓரங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை என்று பிழைச் செய்தி வந்தது. படம் வரும் பகுதியை இழுத்துப் பெரிதாக்கியதும் அது சரியாயிற்று.

முதல் படத்தில், பொருத்திய மதிப்புகளுக்கு எதிரே எச்சங்கள் இடப்புறம் நெருங்கியும் வலப்புறம் விரிந்தும் புனல்போல் கிடந்தன. ஆற்றோரக் கிணறுகளில் சில மிகவும் உப்பாகவும் சில ஓரளவு நல்ல தண்ணீராகவும் இருக்க, தொலைவில் உள்ளவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்ததால் வந்த வடிவம் அது. எச்சங்கள் இயல்நிலைப் பரவலை ஒத்திருக்கின்றனவா என்று காட்டும் கியூ-கியூ படத்தில் மேல்முனைப் புள்ளிகள் கோட்டை விட்டு எழும்பியிருந்தன. மின்கடத்துத்திறனுக்கு மடக்கை எடுத்து மீண்டும் பொருத்தியபோது புனல் பெரும்பாலும் மறைந்தது. எச்சங்களின் விரிவைக் காட்டும் மூன்றாம் படத்தின் கோடும் ஏறக்குறையப் படுக்கையாயிற்று. ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனால் இத்தனை விழுக்காடு குறைகிறது என்று சாய்வைப் படிக்க முடிந்ததால், எழுதுவதற்கும் அது எளிதாயிற்று.

என்னை அதிக நாள் பிடித்து வைத்தது நான்காம் படம். ஒரு புள்ளிக்குக் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும் வலு எவ்வளவு என்பதை அதன் கிடைஅச்சு காட்டும்; அதைத்தான் லெவரேஜ் என்கிறோம். என் மாதிரியில் இரண்டு கெழுக்கள் (வெட்டு, சாய்வு), 46 புள்ளிகள். ஆகவே சராசரி லெவரேஜ் 2/46, அதாவது 0.043. 31 என்று எண்ணிட்ட புள்ளி அதைப் போலப் பல மடங்கு தள்ளி, ஒரு புள்ளியை நீக்கினால் பொருத்தம் எவ்வளவு மாறும் என்பதை அளக்க 1977இல் புள்ளியியலாளர் குக் முன்வைத்த தொலைவு 1 ஆகும் இடத்தைக் காட்டும், விட்டுவிட்டு வரைந்த கோட்டுக்கு வெளியே நின்றது. எக்செல் தாளில் 31ஆம் வரியைப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை. தலைப்பு வரி முதல் வரியை எடுத்துக்கொள்வதால் ஆர் காட்டும் 31 என்பது எக்செலில் 32ஆம் வரி என்பது மறுநாள்தான் உறைத்தது. அங்கே ஆற்றிலிருந்து தொலைவு 9 கிலோமீட்டர் என்று இருந்தது. களக் குறிப்பேட்டில் 0.9. புள்ளி விடுபட்ட அந்த ஓர் எண் மட்டுமே கோட்டின் சாய்வைக் கணிசமாகத் தட்டையாக்கியிருந்தது.

அடுத்து 17. லெவரேஜ் சாதாரணம்தான், ஆனால் ஆற்றுக்கு மிக அருகில் இருந்தும் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் எச்சம் மிகக் கீழே கிடந்தது. குறிப்பேட்டிலும் தாளிலும் எண் ஒன்றே. நீக்கிவிட்டால் படம் அழகாகிவிடும் என்று தோன்றினாலும், பார்க்காமல் நீக்க மனம் ஒப்பாததால், காட்பாடியிலிருந்து பேருந்து பிடித்து மீண்டும் அந்தக் கிணற்றுக்கே போனேன். மின்கடத்துத்திறன் அளவியை இறக்கினேன், முன்பு வந்த எண்ணுக்கு நெருக்கமாகவே வந்தது. நிலத்துக்காரப் பாட்டி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்துல ஏரி இருக்குதில்ல கண்ணு, அது ரொம்பினா இந்தக் கெணறும் ரொம்பிடும்" என்றார். கரைக்கு அந்தப் பக்கம் ஏரி இருப்பதை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை.

31ஐத் திருத்தினேன், 17ஐ அப்படியே வைத்துக்கொண்டேன். தரவு அட்டவணையில் ஏரி அருகில் உண்டா இல்லையா என்று புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். அதை நிரப்ப இன்னும் பன்னிரண்டு கிணறுகளைப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.