தேமோஸ்டட்டைக் கழற்றியதால் போன ஹெட்

கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போகிறோம். வேனில் ஏழு பேர், ஏசியும் ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென்று மேலே ஏறிவிட்டது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெல்ல மெல்லக் கொழும்பு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் குறைந்தது, கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

எங்களுடையது 1997ஆம் ஆண்டு டொயோட்டா டவுன்ஏஸ் நோவா வேன். 3சி டர்போ டீசல், 2184 சிசி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது இந்த வேனை விற்காமல் வைத்துக்கொண்டோம். 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் புது வேன் நமக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே திருத்துவது என்று முடிவு.

மாளிகாவத்தையில் டீசல் எஞ்சின் மட்டுமே பார்க்கும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. "ராத்திரி இங்க நிக்கட்டும்" என்றார். மறுநாள் காலை, எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும்போது, ரேடியேற்றரின் மேல் ஹோஸை என்னையே அழுத்திப் பார்க்கச் சொன்னார். கல் மாதிரி இருந்தது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் ஹோஸ் தளர்ந்துதான் இருக்க வேண்டும். எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்தால்தான் அப்படி இறுகும்.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியதும், இரண்டாவது சிலிண்டரில் வால்வுகளுக்கு நடுவே தலைமுடி போல ஒரு வெடிப்பு. வால்வுகளுக்கு இடையே மேலோட்டமான கீறல் பழைய டீசல் ஹெட்டுகளில் சாதாரணமாகக் காணக்கூடியதுதான். எங்களுடையது தண்ணீர்ப் பாதை வரை இறங்கிவிட்டது. கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு அளவு மீறினால் விரிய இடமில்லாமல் மெல்லிய இடத்தில்தான் வெடிக்கும்.

அப்புறம் நானா தேமோஸ்டட், அதாவது சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு, இருக்கும் இடத்தின் மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் ஓட்டை.

"தம்பி, இதுல தேமோஸ்டட்டே இல்லயே. யாரு கழட்டின?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கராஜில் வோட்டர் பம்ப் மாற்றினோம். "நம்ம நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை" என்று அவர்கள் கழற்றிவிட்டார்கள், நானும் தலையாட்டினேன். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இந்த எஞ்சினில் தேமோஸ்டட்டுக்கு இரண்டு வேலை. சூடேறியதும் ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே அசைவில் அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைத் தொடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கொழும்பில் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது தெரியாது. பாரத்தோடு ஏற்றம் ஏறி, டர்போ முழுமூச்சாக ஊதும்போது தெரியும்.

பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஹெட் ஒன்று வாங்கினேன். சோதனையில் பழுதென்றால் காசு திரும்பத் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கும்படி நானா சொல்லியிருந்தார். நல்லவேளை. பட்டறையில் தண்ணீர்த் துவாரங்களை அடைத்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கி, காற்றழுத்தம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வால்வு இருக்கையின் ஓரத்திலிருந்து பாசிமணி கோத்தது போல் குமிழிகள் மேலே வந்தன. கடைக்காரர் இரண்டு நாள் இழுத்தடித்துத்தான் காசைத் தந்தார். அதன்பின் புது ஹெட்டே வாங்கினேன். அதையும் அதே தொட்டியில் போட்டுப் பார்த்த பிறகுதான் பொருத்த விட்டேன்.

பொருத்தும் வேலையில் நானா அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு பிஸ்டனும் பிளாக்கின் மேல் மட்டத்தைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டயல் கேஜில் அளந்தார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கெஸ்கட் மூன்று தடிப்பில் வரும், அந்த அளவை வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, டோர்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கினார். டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். அது ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, எப்படியும் கழற்றியாயிற்று. ரேடியேற்றரைப் பிரித்துத் தூர்வாரியதில் சேறு மாதிரி துரு வந்தது.

கடைசியில் காற்று எடுப்பது. எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில், ரேடியேற்றர் முன்னால், நடுவே நீளமான குழாய்கள். எங்காவது காற்று சிக்கினால் புது ஹெட்டும் போய்விடும். வேனின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீற்றரைத் திறந்துவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலன்ட் ஊற்றினோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது.

போன மாதம் அதே ஏழு பேரோடு கடுகண்ணாவை ஏறினோம். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. அடுத்த நாள் காலை கண்டியில் எல்லோருக்கும் முன் எழுந்துபோய் ஹோஸை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கு இதமாக அமுங்கியது.