பித்தப்பை ஆபரேஷனும் ஒரு சிடியும்

எங்கள் கடை களியக்காவிளையில், சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி. ஸ்கேன் எடுக்க நாகர்கோவில், ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு இது சகஜம்.

எனக்கு வலி ராத்திரியில்தான் வரும். பரோட்டாவும் பீஃபும் சாப்பிட்ட நாள் என்றால் நிச்சயம். வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை இழுக்கும். கேஸ் என்று நினைத்து ஆறு மாதம் இஞ்சிச் சாற்றிலேயே ஓட்டினேன். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். ஈரல் பரிசோதனை அளவுகளும் கொஞ்சம் கூடியிருந்தன. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பித்தநாளத்துக்குக் கல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு போய், மூச்சைப் பிடி, விடு என்று அரை மணி நேரம். எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். சத்தம் மட்டும் காதுக்குள் செண்டை அடித்தது.

நாளத்தில் கல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. சந்தோஷமாகத் திருவனந்தபுரம் போனால், சர்ஜன் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது போரா, சிடி வேணம்" என்றார். ரிப்போர்ட் போதாதாம், ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி வட்டு வேண்டுமாம். ஸ்கேன் சென்டரில் முதலில் கொடுத்த சிடி காலி. மறுநாள் அக்கா போய் கவுண்டரை விட்டு நகராமல் நின்று சரியானதை வாங்கி வந்தாள்.

அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஈரலின் வலது பின்பகுதியிலிருந்து வரும் ஒரு சிறு குழாய், மேலேயே மற்றவற்றோடு சேராமல், பித்தப்பைக் குழாய்க்குப் பக்கம் வரை தனியாக இறங்கியிருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்குமாம். பித்தப்பைக் குழாய் என்று நினைத்து இதை வெட்டிவிட்டால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். சீட்டின் பின்பக்கம் வரைந்தே காட்டினார்.

அதனால் எனக்குப் பச்சை மருந்து போடுவதாக முடிவானது. பெயர் இண்டோசயனின் கிரீன், 1950களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது. "உடம்பு பச்சையாகிப் போகுமா சாரே?" என்று அக்கா கேட்டதற்கு, "பேடிக்கண்டா சேச்சி", பயப்பட வேண்டாம் அக்கா, என்று சிரித்தார். நரம்பில் போட்டால் ஈரல் அதை ரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தத்தோடு வெளியே தள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிக்கும்போது அது ஒளிரும். கேமரா பிடித்துத் திரையில் பச்சையாகக் காட்டும். அயோடின் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்கள். கொழுப்பு மூடியிருந்தால் அந்த ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாது என்பதால், கவனமாக விலக்கி விலக்கித்தான் பார்க்க வேண்டுமாம்.

நான்கு துளை, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு. எனக்கு ஒன்றும் தெரியாது, மயக்கத்தில் கிடந்தேன். சாயங்காலம் சர்ஜன் போனில் வீடியோ காட்டினார். சாம்பல் நிறத் திரையில் ஈரல் முழுக்கப் பச்சை, கீழே பச்சைக் கோடுகள். அதில் மெல்லிசாக ஒன்று தனியாக இறங்கி வந்தது. அதைத் தொடாமல் பக்கத்திலிருந்த பித்தப்பைக் குழாய்க்கு மட்டும் கிளிப் போட்டிருந்தார்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று, தோள்பட்டை வலி. அன்று ராத்திரி நெஞ்சுவலி என்றே பயந்துவிட்டேன். உள்ளே மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவதாம். எழுந்து நடந்ததும் இரண்டு நாளில் போய்விட்டது.

இப்போது கஞ்சியும் பயறும்தான். சிடியை அக்கா வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது.