காற்றாடிமலையில் யோபுவை நினைத்தபோது

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோதுதான் வெளியூர்க்காரர் பலருக்கு அவர் பெயர் தெரியவந்தது. அவர் உயிர்விட்ட காற்றாடிமலை இருக்கும் எங்கள் குமரி மாவட்டத்தில் அப்படி இல்லை. காய்ச்சல் விடாவிட்டாலும் கல்யாணம் தட்டிப்போனாலும் "காற்றாடிமலைக்குப் போயிட்டு வருவோம்" என்று சொல்லும் பாட்டிமார் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸில்தான் நாள் ஓடுகிறது என்று ஆனபிறகு அம்மாவும் அதையே சொன்னார். டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள் பார்த்து மூவரும் கிளம்பினோம்.

முதலில் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சி. பெருஞ்சாலையை ஒட்டியே ஆலயம் இருக்கிறது. சிறைப்பட்டு இழுத்துவரப்பட்ட தேவசகாயம் தாகத்தால் தவித்து, முழந்தாளிட்டுச் செபித்து, கைமுட்டால் பாறையை இடித்தார், நீர் சுரந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. முட்டிடிச்சான் பாறை என்கிறார்கள். பாறையில் ஒரு சின்னக் குழி, அதில் தண்ணீர், அவ்வளவுதான். தம்பிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் அளந்து வைத்திருக்கிறார். கோடையில் அவன் படும் பாட்டை வீட்டில் எல்லோரும் பார்க்கிறோம். அவன் விரலை நனைத்து உதட்டில் தொட்டுக்கொண்டான். தாகத்தை அறிந்த ஒரு புனிதரின் முன் நிற்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உதயகிரிக் கோட்டை. பலர் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே சிதைந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு அது மிக முக்கியமான இடம் என்பேன். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி அவர். பிறகு அதே அரசருக்குப் படை பயிற்றுவித்தார். நட்டாலத்தில் 1712-ல் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்டனுக்கு (தேவசகாயத்தின் பழைய பெயர் அது) அவரோடு பழக்கம் ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் நீலகண்டனின் வீட்டில் அடிமேல் அடி. மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. முகம் வாடி வந்தவரிடம் டிலனாய் எடுத்துச் சொன்னது, உடைமையும் பிள்ளைகளும் பறிபோன விவிலிய யோபுவின் கதை. "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" என்று தரையில் விழுந்து வணங்கிச் சொன்ன மனிதனின் கதை. அது நீலகண்டனின் நெஞ்சில் தைத்துவிட்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

இங்கேதான் நான் வெகுநேரம் யோசித்தேன். யோபுவின் நூலில் கடைசி அதிகாரத்தில் எல்லாம் இருமடங்காகத் திரும்பிவிடுகிறது: ஆடு, ஒட்டகம், ஏர்மாடு, மறுபடி பிள்ளைகள். தேவசகாயத்துக்கு அந்த அதிகாரம் இந்த மண்ணில் வாய்க்கவே இல்லை. போன மாடுகளும் வயலும் திரும்பவில்லை. 1749-ல் சிறை. எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தடியில் கட்டிவைத்தார்கள். கஷ்டம் தீர்ந்தால் விசுவாசிப்பேன் என்ற கணக்கு அவரிடம் இருந்திருந்தால் முதல் மாதமே விட்டுவிட்டு வீடு திரும்பியிருப்பார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகிய அவரை, கட்டிப்போட்ட நிலையிலும் மக்கள் தேடிப்போய்ச் செபம் கேட்டார்கள் என்றும், வந்தவர்களுக்கு அவரே ஆறுதல் சொல்லி அனுப்பினார் என்றும் சொல்வார்கள். கிறிஸ்தவ மகிழ்ச்சி என்று நாம் பேசுவது இதைத்தான் என்று நம்புகிறேன். "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதும் சிறைக்குள்ளிருந்துதானே.

ஆரல்வாய்மொழிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கணவாய்க் காற்று பேச்சையே அடித்துக்கொண்டு போகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றது இந்தக் காற்றாடிமலையில்தான். அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். மகனைப் பறிகொடுத்த தாயின் பெயரிலேயே இங்கே கோயில் இருப்பது அம்மாவைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை! அன்னையின் முன்னால் அம்மா நின்ற நேரம் நாங்கள் இருவரும் பக்கத்தில் போகவில்லை.

மேலே மணியடிச்சான் பாறை. அவர் உயிர் பிரிந்தபோது மணிபோல் ஒலித்தது என்று சொல்லப்படும் பாறை. கல்லால் தட்டினால் இன்றும் உலோகத்தைத் தட்டிய ஓசை கணீரென்று வருகிறது. முன்னால் வந்தவர்கள் தட்டித் தட்டி வழுவழுப்பான குழிகள் விழுந்திருக்கின்றன. தம்பி இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ஏறினான். ஊசிக்குழாய் செருகும் இடதுகையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலதுகையால் ஒரு கல்லை எடுத்துத் தட்டினான். "கேக்குதா மக்ளே?" என்று அம்மா கத்தினார். காற்றையும் மீறிக் கேட்டது. அவன் சிரித்தான். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் எங்களுக்காக வரவழைத்துக்கொள்ளும் சிரிப்பு அது இல்லை. அவனுடைய பழைய சிரிப்பு.

அவன் குணமாக வேண்டும் என்று கேட்காமல் நான் இறங்கவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்துக் காத்திருக்கிறோம். கேட்பதில் என்ன தவறு, யோபுவும்தான் கடவுளிடம் வழக்காடினார். ஆனால் கிடைத்த பிறகுதான் நன்றி என்று இத்தனை நாள் மனத்துக்குள் போட்டிருந்த பூட்டை அங்கேயே திறந்துவிட்டேன். நன்றியை முதலில் சொன்னேன். விண்ணப்பத்தைப் பிறகு வைத்தேன்.

திரும்பும் வழியில் கோட்டாறு சவேரியார் பேராலயம். காட்டில் வீசப்பட்ட உடலின் எஞ்சிய எலும்புகளைச் சில நாள் கழித்துத் தேடி எடுத்துவந்து அடக்கம் செய்தது இங்கே. அங்கே பெருங்கூட்டம் இல்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்காமலே முழந்தாளிட்டிருந்தாள். நாங்களும் செபமாலை சொல்லி முடித்தோம்.

ஜனவரி 14 திருநாளுக்கு மலைக்கு வந்தே ஆகவேண்டும் என்று தம்பிதான் முதலில் சொன்னான். அன்றைக்கு டயாலிசிஸ் வந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்க, முந்தின நாளே முடித்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்பேன் என்றான்.