கராஜ் சேல்: ஒரே காலையில் வீட்டைக் காலி செய்ய

டெக்சாஸின் டாலஸ், பிளேனோ, இர்விங் பக்கம் கராஜ் சேல் (பழைய சாமான்களை வீட்டு வாசலிலேயே வைத்து விற்பது) போடும் நம்மவர்களில் பலர் ஊருக்குத் திரும்புகிறவர்கள், அல்லது வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள். இவர்களுக்கு முக்கியம் வீடு காலியாவதுதான், லாபம் அப்புறம். இதில் தெளிவாக இருந்தால் விலை வைக்கும்போது கை நடுங்காது.

முதலில் அனுமதி. டாலஸ் நகர எல்லைக்குள் பெர்மிட் வாங்க வேண்டும். 12 மாதத்தில் இரண்டு முறைதான் போடலாம். பக்கத்து ஊர்களில் விதி வேறு, எனவே உங்கள் நகராட்சித் தளத்தைப் பாருங்கள். ஹெச்ஓஏ (குடியிருப்புச் சங்கம்) இருந்தால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளை வாங்கிய விலைக்கும் கீழே விற்றால் அதற்கு வருமான வரி கிடையாது.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதச் சனிக்கிழமைகள் நல்லவை. சம்பளம் வந்த முதல் வாரம் என்றால் இன்னும் நல்லது. ஜூலையில் பத்து மணிக்கு மேல் வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள்.

கட்டில், சோபா, டைனிங் டேபிள் போன்ற பெரிய சாமான்களை மூன்று நாள் முன்பே ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் படத்தோடு போடுங்கள். அதைப் பார்க்க வருகிறவர் சின்னச் சாமான்களையும் எடுத்துப் போவார். 110 வோல்ட் வெட் கிரைண்டர், இட்லிப் பானை, எவர்சில்வர் பாத்திரங்களை டிரைவ்வேயில் (கராஜ் முன்னால் கார் நிறுத்தும் இடம்) வைத்தால் அருமை தெரியாமல் இரண்டு டாலருக்குக் கேட்பார்கள். அவை தமிழ், தெலுங்கு வாட்ஸ்அப் குழுக்களில்தான் விலைபோகும். ஆகஸ்டில் காலி செய்கிறவர்கள், ரிச்சர்ட்சனில் உள்ள யூடி டாலஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் மாணவர்களின் குழுக்களிலும் போடலாம். ரைஸ் குக்கரும் படிக்கும் மேசையும் அன்றைக்கே போய்விடும்.

எல்லாப் பொருளிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும். விலை இல்லாத பொருளை எடுத்துப் பார்ப்பார்கள். கேட்கத் தயங்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கடை விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை வைக்கலாம். துணி 1 முதல் 3 டாலர், பேப்பர்பேக் புத்தகம் 50 சென்ட். 1, 2, 5, 10 என முழுத்தொகையாக வைத்தால் சில்லறைத் தொல்லை குறையும். பேரம் நிச்சயம் இருக்கும்; ஐந்துக்குக் கொடுக்க நினைப்பதற்கு ஏழு எழுதுங்கள், பன்னிரண்டு வேண்டாம். மரச்சாமானிலும் புத்தக அட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டினால் பிசின் தங்கிவிடும், அங்கே மாஸ்கிங் டேப் போதும்.

விற்கவே கூடாதவை சில உண்டு. பக்கச்சட்டம் ஏறி இறங்கும் குழந்தைத் தொட்டிலுக்கு 2011 ஜூனிலிருந்து தடை, அது கராஜ் சேலுக்கும் பொருந்தும். ரீகால் ஆன (ஆபத்து என்று திரும்பப் பெறப்பட்ட) பொருளும் அப்படித்தான். குழந்தைச் சாமான்களின் மாடல் எண்ணை சிபிஎஸ்சி (அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம்) தளத்தில் தட்டிப் பாருங்கள். கார் சீட்டில் காலாவதித் தேதி இருக்கும். தேதி தாண்டியிருந்தாலோ விபத்தில் சிக்கியிருந்தாலோ பெல்ட்டை வெட்டிக் குப்பையில் போடுங்கள். இன்னொரு குழந்தை அதில் உட்காரக் கூடாது.

சில்லறைக்கு 110 டாலர் போதும்: ஒரு டாலர் தாள் 40, ஐந்து டாலர் 8, பத்து டாலர் 2, குவார்ட்டர் (25 சென்ட் காசு) ஒரு ரோல், அதாவது 10 டாலர். பணத்தை டப்பாவில் வைக்காமல் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு டாலர் தாளும் செக்கும் வேண்டாம். ஸெல் (Zelle) எனும் பணம் அனுப்பும் வசதியில் அனுப்பினேன் என்று திரையைக் காட்டினால், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

எட்டு மணிக்கு என்று போட்டால் ஏழுக்கே கார் வந்து நிற்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் வாங்கி விற்கும் வியாபாரிகள். முதல் மணி நேரத்தில் அவர்கள் கேட்கும் அடிமட்ட விலைக்கு இறங்க வேண்டாம். டூல்ஸ், சைக்கிள், மேசை விளக்கு போன்றவற்றைச் சாலைப் பக்கம் வையுங்கள், போகிற கார் வேகம் குறையும். துணியைக் கம்பியில் தொங்கவிடுங்கள். மடித்து அடுக்கினால் பத்து நிமிடத்தில் குவியலாகிவிடும், அதை யாரும் கிளற மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்று வெளியே இருக்கட்டும். மிக்ஸி ஓடுவதைக் கண்ணால் பார்த்தால் பேரம் குறையும். வாசல் கதவைப் பூட்டிவையுங்கள், பாத்ரூம் கேட்டாலும் யாரையும் உள்ளே விட வேண்டாம். குறைந்தது இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் பணத்துக்கு, ஒருவர் பொருளுக்கு.

பதினொன்றுக்கு எல்லாம் பாதி விலை. பன்னிரண்டுக்கு மளிகைப் பை ஒன்றைக் கொடுத்து, நிறைய அள்ளிக்கொள்ள 5 டாலர் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அன்று மாலையே குட்வில்லில் (பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கும் கடை) இறக்கிவிடுங்கள். திரும்ப உள்ளே போனால் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும். தெருமுனைப் பலகைகளையும் மார்க்கெட்பிளேஸ் விளம்பரத்தையும் அன்றே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுவார்கள்.