28 லட்சத்தில் நின்றுபோன சிவப்பணுக்கள்

உடலியங்கியல் செய்முறை வகுப்புகளில் இதுவரை ஏழு முறை என் விரலைக் குத்திக்கொண்டிருக்கிறேன். அதில் நான்கு குத்து ஒரே சோதனைக்குப் போனது: சிவப்பணு எண்ணிக்கை. ரத்த வகை, ரத்த அழுத்தம், முழங்கால் அனிச்சை எல்லாம் அந்தந்த வகுப்பிலேயே முடிந்து ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. இது மட்டும் மூன்று வாரம் இழுத்தடித்தது.

முதல் குத்து வீணானதற்கு என் அவசரம்தான் காரணம். மேசையில் இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் லேபிள் பாதி அழிந்திருந்தது. கைக்கு எட்டியதை எடுத்து, ரத்தம் எடுத்திருந்த பிப்பெட்டில் (தண்டும் குமிழும் உள்ள, கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) உறிஞ்சினேன். அப்புறம் நுண்ணோக்கியைக் கால் மணி நேரம் திருகியும், நியூபார் சேம்பரின் (அணுக்களை எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு) கட்டங்கள் பளிச்சென்று காலியாகவே கிடந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வெள்ளையணுக்கள் மட்டும். நான் எடுத்தது டர்க் திரவம். அதில் உள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெள்ளையணு எண்ணுவதற்கென்றே இருப்பது அது. சிவப்பணுவுக்கு ஹேயம் திரவம்தான் வேண்டும். லேபிளே இல்லாவிட்டாலும் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம்: டர்க் லேசான ஊதா, ஹேயம் நிறமற்றது. இன்னொன்று, ஹேயம் திரவத்தில் மெர்குரிக் குளோரைடு என்ற விஷம் இருக்கிறது. வாயால் உறிஞ்சும் ரப்பர் குழாய்தான் உங்கள் லேபிலும் என்றால், பிப்பெட்டின் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.

இரண்டாவது குத்தில் ரத்தம் பிப்பெட்டுக்குள்ளேயே உறைந்தது. ரத்தம் நிற்க வேண்டிய 0.5 கோட்டைத் தாண்டிவிட்டதே என்று பஞ்சில் ஒற்றி ஒற்றிச் சரிசெய்துகொண்டிருந்தேன், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடைத்துக்கொண்ட பிப்பெட்டைப் பார்த்த அட்டெண்டரின் முகத்தை இங்கே விவரிக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் நெஞ்செரிச்சல். எல்லாம் சரியாகப் போனது போலத்தான் இருந்தது. ஐந்து பெரிய கட்டங்களில், அதாவது 80 சிறு கட்டங்களில், எண்ணியது 286. அதை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 28.6 லட்சம். டெமான்ஸ்ட்ரேட்டர் நோட்டைத் திருப்பித் தள்ளினார். “ரத்தசோகை இருக்கும்போல. இல்லாவிட்டால் தப்பாகச் செய்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் மறுபடி செய்யுங்கள்.” எங்கே தப்பு என்று கேட்டேன். “செய்முறையைப் படியுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் காதோரம், “பேசாமல் 48 லட்சம் என்று எழுதிவிடு, யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்” என்றார். எழுதியிருப்பேன். ஆனால் நோட்டில் முந்தின பக்கம் கண்ணில் பட்டது.

அது நிறத்தை ஒப்பிட்டு அளக்கும் சாலி முறையில் நான் பார்த்த ஹீமோகுளோபின்: 100 மி.லி. ரத்தத்தில் 13.4 கிராம். சிவப்பணு எண்ணிக்கையை மில்லியனில் வைத்து 3-ஆல் பெருக்கினால், அணுக்கள் இயல்பாக இருக்கும் ஒருவரின் ஹீமோகுளோபின் அளவு ஏறக்குறைய கிடைத்துவிடும். 2.86-ஐ மூன்றால் பெருக்கினால் 8.6 கூட வரவில்லை. அப்படியானால் கோளாறு என் ரத்தத்தில் இல்லை, கைவேலையில்தான் என்று ஒரு தெம்பு வந்தது.

அடுத்த வாரம் சீக்கிரமே போய் ஒவ்வொன்றாகத் துருவினேன். முதல் குற்றவாளி சேம்பரை மூடும் கவர் ஸ்லிப். சேம்பருடன் வரவேண்டிய தடித்த கண்ணாடி தொலைந்துபோய், பெட்டியில் சாதாரண ஸ்லைடுக்குப் போடும் மெல்லிய கவர் ஸ்லிப்பை வைத்திருந்தார்கள். சேம்பரின் ஆழம் சரியாக 0.1 மி.மீ. இருக்கும் என்று நம்பித்தான் அந்த 10,000 என்ற பெருக்கலே நிற்கிறது. மெல்லிய கண்ணாடி திரவத்தின் இழுப்பில் உள்ளே வளைந்துவிடும். ஆழம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும்தானே?

இரண்டாவது குற்றவாளி நானே. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்து பிதுக்கியிருந்தேன். அப்போது திசுத் திரவமும் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். இந்த முறை கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்தபிறகு, மோதிர விரல் நுனியின் ஓரத்தில் தயங்காமல் ஆழமாகக் குத்தினேன். (பயந்து பயந்து குத்தினால் இரண்டு முறை குத்த வேண்டி வரும். குத்தும் ஊசியான லான்செட் புதியதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், யாருடையதையும் வாங்காதீர்கள்.) முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாக வந்த அடுத்த துளியை எடுத்தேன்.

மூன்றாவதாக, பிப்பெட்டின் தண்டில் நிற்பது வெறும் ஹேயம் திரவம்தான், அதில் ரத்தமே கலப்பதில்லை. அதனால் முதல் சில துளிகளைக் கொட்டிவிட்டுத்தான் சேம்பரில் விடவேண்டும். போன முறை நான் அதைச் செய்தேனா என்பதே நினைவில்லை. வைவா எனும் வாய்மொழித் தேர்விலும் இதைத்தான் கேட்கிறார்கள்: 0.5 வரை ரத்தம் எடுத்து, 101 கோடு வரை திரவம் நிரப்பியும் நீர்ப்பு ஏன் 200 மடங்கு, 202 அல்ல? தண்டில் உள்ள அந்த ஒரு பங்கு கணக்கில் சேராததால்தான்.

தடித்த கவர் ஸ்லிப்பைப் பக்கத்து லேபில் கெஞ்சி வாங்கிவந்தேன். கோடுகள் தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடாதீர்கள், குறைத்தால்தான் தெரியும். இடது, மேல் கோடுகளைத் தொடும் அணுக்களைச் சேர்த்து, வலது, கீழ்க் கோடுகளைத் தொடுவதை விட்டுவிட்டு எண்ணினேன். 462. அதாவது 46.2 லட்சம். மூன்றால் பெருக்கினால் 13.9, என் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில்.

டெமான்ஸ்ட்ரேட்டர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். கவர் ஸ்லிப் விஷயத்தைச் சொன்னேன். “ஓ, அதுவா? கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே” என்றார்.

செய்முறைத் தேர்வன்று சீட்டை எடுத்துப் பிரித்தால், மறுபடி சிவப்பணு எண்ணிக்கை. லான்செட்டைத் தொடுவதற்கு முன் கவர் ஸ்லிப்பை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தேன். தடித்ததுதான்.