கிட்டார் வாசித்துக்கொண்டே பாடப் பழகுவது எப்படி?

கிட்டார் தனியாக வரும், பாட்டும் தனியாக வரும். இரண்டையும் சேர்த்தால் கை நின்றுவிடும். சமூக மன்ற வகுப்பில் என்னோடு படித்த பலருக்கும் இதே பாடுதான். எந்த எழுத்தில் தட்டு விழுகிறது என்பது தெளிவானதும் எனக்கு வழி திறந்தது.

தமிழ்ப் பாட்டுகளில் பல வரிகள் முதல் தட்டில் தொடங்குவதில்லை. அரை இடம் தள்ளித்தான் எடுப்பு. கர்நாடக சங்கீதத்தில் இதை அனாகத எடுப்பு என்பார்கள். கை கீழே இறங்கும்போதே வாயும் பாட ஓடிவிடும். அதனால் முதலில் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, தொடையில் தாளம் போட்டுப் பாடுங்கள். எம்ஆர்டி ரயிலில் மனதுக்குள் பாடியபடியும் செய்யலாம். அப்புறம் வரிகளைத் தாளில் எழுதி, தட்டு விழும் எழுத்தின் கீழே கோடு போடுங்கள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) மாறும் எழுத்தைச் சுற்றி வட்டம்.

கிட்டாரை எடுத்ததும் முழு ஸ்ட்ரம்மிங் (கம்பிகளை மேலும் கீழுமாக மீட்டுவது) வேண்டாம். கார்டு மாறும் இடத்தில் மட்டும் ஒரு தட்டு, மேலே பாட்டு. அது நிற்காமல் ஓடினால் ஒரு தாளத்துக்கு நான்கு தட்டு. கடைசியில்தான் கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதில் மூன்றாம் தட்டில் கை இறங்கும், ஆனால் கம்பியைத் தொடாது. பாடும்போது பெரும்பாலும் கை நிற்பது அந்த வெற்றுத் தட்டில்தான். அங்கே மட்டும் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வார்த்தை இல்லாமல் 'ம்ம்' என்று ராகம் முனகியபடி வாசித்துப் பாருங்கள். முனகல் நிலைத்த பிறகு வார்த்தை சுலபமாக வந்து உட்காரும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு நேரத்தில் சத்தம் கூடாதே என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் பட்டை) பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைச் செருகினால் ஒலி அடங்கிவிடும். தாளம் மட்டும் கேட்கும். இந்தப் பயிற்சிக்கு அது போதும்.

சுருதியையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பல்லவி சுகமாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. சரணத்தின் உச்ச வரியைப் பாடிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி வடிவில் வாசித்தால் கேட்பது ஏ. தொண்டை இறுகினால் கேப்போவைக் கழற்றுங்கள், விரல் அமைப்பு மாறாமலே சுருதி ஜி-க்கு இறங்கிவிடும்.