ரங்கூன் மாலை வகுப்பு: ஐயெல்ட்ஸ் நாட்குறிப்பு

ஜூன் 2

ஆங்கிலத் திறன் தேர்வான ஐயெல்ட்ஸுக்குப் புதிய அணி வந்திருக்கிறது. முதல் வேலை பெயர். நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயர். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் எழுத்துக்கு எழுத்து வரவேண்டும். பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. படிவம் அதைக் கேட்டால் அப்பா பெயரைச் சொருகாமல், மையத்தில் விசாரித்து நிரப்புங்கள். மேல்படிப்புக்கு என்றால் ‘அகாடமிக்’ என்ற தேர்வு வகை. மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் அட்மிஷன் மாதம் பார்த்துத் தேதி எடுங்கள்.

ஜூன் 6

லிசனிங். 4 பகுதி, 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே தடவை. நம்மவர்களுக்கு மார்க் போகும் இடம் சொல்லின் வால். பர்மியப் பேச்சில் கடைசி மெய்யை விழுங்கிவிடுவோம். நாளெல்லாம் கடைத்தெருவில் அதையே பேசுவதால் காதும் அப்படியே பழகிவிடுகிறது. லைக், லைட், லைஃப் மூன்றும் ‘லை’ என்றுதான் விழும். ‘டிக்கெட்ஸ்’ என்று சொன்னதை ‘டிக்கெட்’ என்று எழுதினால் அந்த விடை தப்பு. அரை மார்க் எல்லாம் தரமாட்டார்கள். எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான், ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும்.

பயிற்சி இப்படி: ஒரு நிமிட ஒலித்துண்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். பிறகு அச்சிட்ட வசனத்தோடு வைத்துப் பார்த்து, விட்டுப்போன ‘ஸ்’, ‘ட்’, ‘எட்’ இவற்றை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். வாரத்துக்கு மூன்று மாதிரித் தேர்வு போடுவதைவிட இது மேல். தகரக்கூரையில் மழை அடிக்கும்போது ஸ்பீக்கர் உதவாது, இயர்போன் வேண்டும். கரண்ட் இருக்கும்போதே ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்துவிடுங்கள்.

போன் நம்பரில் ‘டபுள் ஃபைவ்’ என்றால் 55, ‘ஓ’ என்றால் சைபர். ‘இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது’ என்று போட்டிருந்தால் மூன்றாவது சொல் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் விடை போச்சு. தாளில் எழுதுகிறவர்களுக்கு விடைகளைப் பெயர்த்தெழுத 10 நிமிடம் தனியாக உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான்.

ஜூன் 11

ரீடிங்: 3 பத்தித்தொகுதி, 40 கேள்வி, 60 நிமிடம். இங்கே பெயர்த்தெழுதத் தனி நேரம் இல்லை. தப்புக்கு மார்க் குறைப்பதும் இல்லை, ஆகவே ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். எல்லோரும் தடுக்கி விழுவது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’. ‘இந்த மர ஆலையில் யானைகள் தேக்கு இழுத்தன’ என்று மட்டும் இருக்கிறது. கேள்வி: ‘மரம் இழுக்க யானைகளை மட்டுமே வைத்திருந்தார்கள்.’ பாதிப்பேர் ட்ரூ போடுகிறார்கள். ‘மட்டுமே’ பற்றிப் பேச்சே இல்லாததால் விடை நாட் கிவன். இயந்திரமும் இழுத்தது என்று ஒரு வரி இருந்தால்தான் ஃபால்ஸ். பர்மாவில் வளர்ந்தவர்களுக்கு யானையும் தேக்கும் தெரிந்த விஷயம், வம்பே அங்கேதான். நமக்குத் தெரிந்தது கணக்கில் வராது.

ஜூன் 17

ரைட்டிங். டாஸ்க் 1 (வரைபடம், அட்டவணை போன்றதை விவரிப்பது): 20 நிமிடம், குறைந்தது 150 சொல். டாஸ்க் 2 (கட்டுரை): 40 நிமிடம், குறைந்தது 250 சொல், இரண்டு மடங்கு எடை. நேரம் கைவிட்டுப் போகும் என்றால் இரண்டாவதை முதலில் எழுதலாம், தடையில்லை.

டாஸ்க் 1-இல் மொத்தப்போக்கைச் சொல்லும் இரண்டு வரி கட்டாயம். அது இல்லாமல் எண்களை மட்டும் அடுக்கினால் அந்த அம்சத்துக்கு மதிப்பெண் 9-க்கு 5-ஐத் தாண்டாது. சொந்த அபிப்பிராயம் வேண்டாம். அளவையும் கவனியுங்கள்: வாயில் தெயின் (பர்மியத்தில் லட்சம்), மனதில் லட்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாம். அச்சில் ‘ஆயிரங்களில்’ என்று போட்டு 450 இருந்தால் அது நாலரை லட்சம், வெறும் 450 அல்ல.

டாஸ்க் 2-க்கு மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) பழக்கம் எதிரி. கட்டுரையை உருப்போட்டு டிஸ்டிங்ஷன் வாங்கிய கை, ‘எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்’ என்ற கேள்விக்கும் நன்மை தீமைப் பாட்டையே எழுதும். திருத்துகிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஜூன் 23

ஸ்பீக்கிங், 11 முதல் 14 நிமிடம். இரண்டாம் பகுதியில் அட்டை, தாள், பென்சில் தருவார்கள். 1 நிமிடம் யோசித்து 2 நிமிடம் வரை பேச வேண்டும். தாளில் வாக்கியம் எழுதாமல் நாலைந்து சொல் போதும். தேர்வாளர் நடுவில் நிறுத்தினால் பதற வேண்டாம், நேரம் முடிந்தது, அவ்வளவுதான். வெள்ளைக்காரத் தொனி யாரும் கேட்கவில்லை. அந்த வால் எழுத்துகளை வாயிலும் கொண்டுவாருங்கள்.

ஜூன் 26

ஒரு தங்கச்சி கேட்டது: லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 5, ஸ்பீக்கிங் 7 வந்தால் மொத்தம் எவ்வளவு? சராசரி 6.25, அதை 6.5 ஆக ஏற்றிவிடுவார்கள். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு வைத்திருக்கின்றன. 6 கேட்கிற இடத்தில் ரைட்டிங் 5 நிற்காது. அடுத்த வாரம் முழுக்க டாஸ்க் 2 மட்டும். கோடு போட்ட தாள் கொண்டுவரவும்.